உங்கள் மாத வருமானம் எவ்வளவு?

சிலாபத்துக் கடற்கரையில் இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடையாது. ஆனால் பல்கலைக்கழக மாணவர் கொண்டுவரும் வினாக்கொத்தில் அது முதல் பக்கத்திலேயே இருக்கும். வயது, பால், கல்வித் தகைமை, அதற்கடுத்து 'மாத வருமானம்: ரூபா' என்று ஒரு புள்ளிக்கோடு. வள்ளத்தில் போகிறவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவும் ஐஸ் செலவும் முதலில் கழியும். மிச்சத்தில் வள்ளமும் வலையும் வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு, கூடப் போனவர்களுக்கு ஒரு பங்கு. கரைவலை என்றால் சம்மாட்டிக்கு ஒரு கணக்கு, வலை இழுத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு நாள் மீன் அள்ளிக்கொண்டு வரும். அடுத்த மூன்று நாள் எண்ணெய்க் காசுகூடத் தேறாது. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று அடித்துக் கடல் கொந்தளித்தால் இந்தக் கரையில் தொழில் படுத்துவிடும். அந்த மாதங்களில் வலையையும் சட்டிபானையையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரையில் வாடி அடித்துத் தங்குவது இப்பகுதி மீனவர்களின் பழைய வழக்கம். இதில் எந்த மாதத்தின் வருமானத்தை அவர் சொல்ல வேண்டும்?

அவர் ஏதோ ஒரு தொகையைச் சொல்வார். வந்திருப்பது படிக்கிற பிள்ளை, வெயிலில் நிற்கிறது. கோட்டை வெறுமையாக விட்டு அனுப்புவது மரியாதையில்லை. அவர் சொன்ன எண் கணினிக்குப் போகும். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் சராசரியை இரண்டு தசமதானம் வரை துல்லியமாகக் கணித்துத் தரும். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் அது அட்டவணையாகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவுமில்லை. ஆனாலும் அந்த எண் எதையும் அளக்கவில்லை.

வினாக்கொத்து ஓர் அளவுகருவி. வெப்பமானியைப் பயன்படுத்துமுன் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிற விஞ்ஞானிகள்கூடக் கேள்விகளை அப்படிப் பார்ப்பதில்லை. பேசத் தெரிந்த எவருக்கும் கேள்வி கேட்கத் தெரியும் என்ற நினைப்புத்தான் காரணம். பிழை வந்தால் 'மக்கள் சரியாகப் பதில் சொல்வதில்லை' என்று பழியை மறுபக்கம் தள்ளிவிடுவதும் வழக்கம். புத்தளம் மாவட்டத்தின் இந்தக் கரையோரத்தை எடுத்துக்கொண்டால், கேள்வி எங்கெல்லாம் தவறலாம் என்பதற்கான சான்றுகள் ஏறக்குறைய முழுமையாகவே கிடைக்கின்றன.

யாரைக் கேட்பது என்பதில் முதல் தவறு நடக்கிறது. சிலாபத்தை அண்டிய அம்பகந்தவிலை என்ற கத்தோலிக்க மீன்பிடிக் கிராமத்தில் ஆர். எல். ஸ்டிரட் என்ற பிரித்தானிய மானிடவியலாளர் 1970களில் நீண்ட காலம் தங்கி ஆய்வு செய்தார். மீனவர், மீன் விற்கும் பெண்கள், மீன் முதலாளிமார் என்று மூன்று தரப்பையும் பற்றி அவர் எழுதிய நூல் 1988இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஒரு கட்டுரையில், அந்தக் கிராமத்தில் ஆண்கள் உழைப்பைக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுப்பதையும் வீட்டின் பணக்கணக்கைப் பெண்கள் கையாள்வதையும் அவர் விவரித்தார். இப்படிப்பட்ட ஊரில் 'குடும்பத் தலைவர்' என்று தேடிப்போய் ஆணை உட்காரவைத்துச் செலவைக் கேட்டால், தெரியாதவரிடம் கேட்டதாகத்தான் முடியும். தெரிந்தவர் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். கடன் யாரிடம், சீட்டு எவ்வளவு, அடகில் இருப்பது எந்தச் சங்கிலி எல்லாம் அவருக்கே தெரியும்.

ஸ்டிரட் கையில் வினாக்கொத்தோடு வீடு வீடாக ஓடியிருந்தால் இதைக் கண்டிருப்பாரா என்பது சந்தேகம். யாரைக் கேட்க வேண்டும் என்பதே அங்கே போய்த் தங்கிய பிறகுதான் விளங்கியிருக்கும்.

எதைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். 'வருமானம்' என்ற ஒரே கேள்வியைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்தால் நிலைமை மாறும். போன கிழமை எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள்? கடைசியாகப் போன நாளில் என்ன மீன் பட்டது? எண்ணெய்க்கு எவ்வளவு போனது? உங்கள் பங்கு எவ்வளவு வந்தது? இவை ஒவ்வொன்றும் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியவை. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லலாம். கூட்டிப் பெருக்கும் வேலையை ஆய்வாளர் செய்துகொள்ள வேண்டும். இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டலகு வருமான செலவின மதிப்பாய்வு ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. சாப்பாட்டுச் செலவைக் கிழமைக் கணக்கில் கேட்பார்கள். வாடகை, மின்சாரம் போன்றவற்றை மாதக் கணக்கில் கேட்பார்கள். எப்போதாவது வாங்கும் பொருட்களுக்கு ஓராண்டு வரை பின்னால் போவார்கள். இன்னொரு நல்ல காரியம், இந்த மதிப்பாய்வை ஒரே மாதத்தில் முடிக்காமல் 12 மாதங்களுக்குப் பரப்பிச் செய்கிறார்கள். 2019இல் நாடு முழுவதும் 25,000 வீட்டலகுகள் மாதிரியாகத் தெரிவு செய்யப்பட்டன. கச்சான் காலத்தில் சிலாபத்துக்கு வரும் உத்தியோகத்தரும் மீன் படும் காலத்தில் வரும் உத்தியோகத்தரும் ஒரே ஊரின் இரண்டு முகங்களைப் பதிவு செய்வார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

கிழமையா மாதமா என்பது சின்ன விசயம் போலத் தோன்றும். அதன் பாரத்தை அறிய பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்க்க வேண்டும்.

இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பி. சி. மகலனோபிஸ் முயற்சியால் 1950இல் தொடங்கியது. 'கடந்த 7 நாளில் எவ்வளவு அரிசி சமைத்தீர்கள்' என்று கேட்பதா, 'கடந்த 30 நாளில்' என்று கேட்பதா என்ற விவாதம் தொடக்கத்திலேயே எழுந்தது. மகலனோபிஸ் குழுவினர் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. வங்காளத்துக் கிராமங்களில் சமைக்கும் அரிசியை உண்மையாகவே நிறுத்துப் பார்த்தார்கள். கிழமைக் கணக்கு மிகையாக வந்தது. மாதக் கணக்கு நிறுவைக்குக் கிட்ட இருந்தது. எனவே 30 நாள் என்று முடிவாயிற்று. அந்த முடிவு பல பத்தாண்டுகள் நிலைத்தது.

1990களின் நடுப்பகுதியில் மறுபடியும் ஒரு சோதனை நடந்தது. வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய 30 நாள் படிவத்தையும் மறு பாதிக்குப் புதிய படிவத்தையும் கொடுத்தார்கள். புதிய படிவத்தில் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு 365 நாள். புதிய படிவத்தில் தலைக்கு வந்த செலவு, பழையதில் வந்ததைவிடச் சுமார் 15 முதல் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தியாவில் வறுமைக் கோட்டுக்கு அண்மையில் வாழ்வோர் தொகை மிகப் பெரிது. ஆகவே இந்தச் சிறு உயர்வே வறியோர் விகிதத்தை ஏறத்தாழப் பாதியாக்கப் போதுமாயிருந்தது. எவருக்கும் ஒரு பிடி சோறு கூடக் கிடைக்கவில்லை. படிவத்தின் தலைப்பில் ஓர் எண் மாறியது, கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து 'மீண்டார்கள்'. 1999–2000 சுற்றில் 7 நாள், 30 நாள் இரண்டு நிரல்களையும் ஒரே படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுச் சிக்கலை இன்னும் கூட்டினார்கள். ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்டால், முதலில் சொன்னதோடு பொருந்துகிற மாதிரித்தான் மற்றதையும் சொல்வார். பொருளாதாரத் தாராளமயத்தின் பின் வறுமை குறைந்ததா இல்லையா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதற்கு இந்த இரண்டு நிரல்கள் முக்கிய காரணம். பின்னாளில், 2015இல், பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அங்கஸ் டீட்டன் அந்தக் கணக்குகளைச் சீர்செய்வதில் பெரும் உழைப்பைச் செலவிட்டவர்.

கிழமைக் கணக்கும் மாதக் கணக்கும் இப்படி வேறுபடுவது, நினைவு இரண்டு திசையில் வழுக்குவதால். காலம் நீண்டால் மறதி கூடும், தொகை குறையும். காலம் குறுகினால், போன கிழமைக்கு முந்திய கிழமை வாங்கிய மாசிக்கருவாடும் இந்தக் கிழமைக்குள் நுழைந்துவிடும், தொகை கூடும். இதற்கு ஆய்வாளர்கள் கண்ட ஒரு நல்ல கைமருந்து, திகதிகளை விட்டுவிட்டு ஊரின் நாட்காட்டியைப் பிடித்துக்கொள்வது. சிலாபத்துக் கரையில் அதற்குப் பஞ்சமே இல்லை. முன்னேஸ்வரத் திருவிழா, தலவில்லு சாந்த அன்னம்மாள் திருநாள், மடு மாதாவின் ஆவணித் திருநாள், உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதி, நோன்புப் பெருநாள் எல்லாம் அவரவர் வீட்டில் செலவையும் வரவையும் நினைவோடு கட்டிவைக்கும் முளைகள். 'ஆகஸ்ட் மாதத்தில் எவ்வளவு செலவழித்தீர்கள்' என்ற கேள்விக்கு முழிப்பவர், 'தீமிதிக்கு முந்தின கிழமை' என்றால் கடைக்கணக்கையே ஒப்புவிப்பார்.

கேட்பவர் யார் என்பதும் விடைக்குள் புகுந்துவிடும். 2023இல் இலங்கை அரசு 'அஸ்வெசும' நலன்புரிக் கொடுப்பனவைத் தொடங்கியபோது, கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின்கீழ் 22 சுட்டிகளை வைத்து வீடுகளை மதிப்பிட்டார்கள். அங்கே சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் காசில் ஒரு விலை உண்டு. பட்டியல் வெளிவந்ததும் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் நாடெங்கும் குவிந்தன. அந்த அனுபவம் உள்ள வீட்டுக்கு மறுவருசம் ஒரு மாணவி கையில் கோப்போடு வந்து, 'உங்கள் வீட்டுக் கூரை ஓடா, தகரமா' என்று கேட்டால், வீட்டுக்காரர் காதில் விழுவது வேறு கேள்வி. மாணவி தான் கச்சேரியிலிருந்து வரவில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும், பக்கத்தில் கிராம உத்தியோகத்தர் வழிகாட்டிக்கொண்டு நின்றால் போச்சு.

இது இன்றைய நோய் மட்டுமில்லை. இந்தக் கரையோரத்தின் பெரிய தகவல் திரட்டுநர் என்று சைமன் காசிச்செட்டியைச் சொல்லலாம். 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் தொகுத்த 'சிலோன் கசற்றியர்' நூலை 1834இல், 27 வயதில், வெளியிட்டார். புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர், சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர், பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாகக் கடமையாற்றியவர். ஊரும் மொழியும் அறிந்த ஒருவர் தகவல் திரட்டியது இப்பகுதியின் பாக்கியம். ஆயினும் மணியகாரர் கேட்டால் குடியானவர் வரியை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்லியிருப்பார் என்று எண்ண இடமுண்டு. தலைக்கணக்கும் காணிக்கணக்கும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் என்ற பதிவேடுகளிலேயே வரியோடு ஒட்டியிருந்தவை.

காசிச்செட்டி மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1867இல், சார்ள்ஸ் டார்வின் ஓர் அச்சிட்ட வினாக்கொத்தை உலகமெங்கும் அனுப்பினார். வியப்பு, வெட்கம், கோபம், அருவருப்பு எல்லா இனத்தாரின் முகத்திலும் ஒரே மாதிரித் தோன்றுகின்றனவா என்பதே அவர் அறிய விரும்பியது. 36 பேரிடமிருந்து பதில் வந்தது, பலர் மிசனரிமார். இலங்கையிலிருந்து திருகோணமலைப் பாதிரியார் எஸ். ஓ. கிளெனி சில கேள்விகளுக்குப் பதில் எழுதினார். நினைவை நம்பாதீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று டார்வின் வற்புறுத்திக் கேட்டது இன்றைக்கும் செல்லுபடியாகும் புத்திமதி. ஆனால் கேள்விகளை அமைத்த விதத்தில் அவரும் சறுக்கினார். 'வியப்பு வந்தால் கண்ணும் வாயும் அகலத் திறந்து புருவம் உயருமா' என்று விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டார். 'ஆம்' என்று எழுதுவது மிகச் சுலபம். பட்டியலின் கடைசிக் கேள்வி, சம்மதத்துக்குத் தலையை மேலும் கீழும், மறுப்புக்குப் பக்கவாட்டிலும் ஆட்டுவார்களா என்பது. நம் ஊர்களில் சம்மதத்துக்கும் தலை பக்கவாட்டில் ஆடும்!

1872இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் பதிந்த ஒரு செய்தி, முறையியல் பாடம் கற்பிப்போர் எல்லாருக்கும் பயன்படும். பம்பாய் மாகாணத்து அகமதுநகரில் உத்தியோகம் பார்த்த எர்ஸ்கின் என்பவர், உறுதியான முடிவுக்கு வருவது மிகச் சிரமமாக இருந்தது என்று தெரிவித்தாராம். ஐரோப்பியர் முன்னிலையில் அங்குள்ளவர்கள் உணர்ச்சியை மறைத்துக்கொள்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பதில் தரும் ஆள் கேட்பவரைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதைப் பற்றிய பழைய அச்சுப் பதிவுகளில் இதுவும் ஒன்று. எர்ஸ்கின் தம் சிரமத்தை வெட்கப்படாமல் சொன்னார். அந்த நேர்மை இன்றைய ஆய்வேடுகளில் அரிது.

இனிப் படிவத்துப் பெட்டிகளின் கதை. இலங்கையின் முதல் முழுமையான குடித்தொகை மதிப்பு 1871 மார்ச் 27ஆம் திகதி நடந்தது. அதில் 'இனம்' என்ற தலைப்பில் 24 பிரிவுகளும் 'தேசியம்' என்ற தலைப்பில் 78 பிரிவுகளும் இருந்தன. பத்தே ஆண்டில், 1881இல், இனங்கள் ஏழாகச் சுருங்கின. இடையில் மக்கள் மாறிவிடவில்லை, பெட்டிகளை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். 1911இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தமிழருக்கு இரண்டு பெட்டிகள் ஆயின. இந்த வகைப்படுத்தல்கள் பின்னாளைய இன அடையாளங்களை எப்படி இறுக்கின என்று விரிவாக எழுதியவர்களில், அம்பகந்தவிலையில் தங்கிய அதே ஸ்டிரட்டும் ஒருவர். அவர் ஆய்வு செய்த கரையோரம் இந்த விசயத்தைக் கண்ணெதிரே காட்டக்கூடியது. நீர்கொழும்பிலிருந்து வடக்கே நீளும் கரையில் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் சிங்களமுமாக வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. ஒற்றைப் புள்ளடி போடச் சொன்னால் அவர்கள் ஏதாவது ஒன்றில் போடுவார்கள். பாட்டி ஒன்றில், பேரன் இன்னொன்றில்.

மதம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். சிலாபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் முன்னேஸ்வரம் கோயில். 'உங்கள் மதம் எது' என்று கேட்டு, சைவர்களின் எண்ணிக்கையை வைத்து அந்தக் கோயிலுக்கு வருவோரைக் கணிக்கப் போனால் கணக்கு அடியோடு பிழைக்கும். அங்கே வரும் அடியாரில் பெரும்பகுதியினர் சிங்கள பௌத்தர்கள் என்பதை 2002இல் வெளியான தம் நூலில் ரொஹான் பஸ்டின் என்ற மானிடவியலாளர் விரிவாகப் பதிவு செய்தார். அங்குள்ள காளியிடம் நேர்த்தி வைக்கக் கத்தோலிக்கரும் வருவதுண்டு. அடையாளத்தைக் கேட்பது வேறு, செய்வதைக் கேட்பது வேறு. 'போன வருசம் எந்தெந்தக் கோயிலுக்கு, விகாரைக்கு, தேவாலயத்துக்கு, பள்ளிவாசலுக்குப் போனீர்கள்' என்று கேட்டால் சிலாபத்தின் உண்மையான வரைபடம் கொஞ்சமாவது கிடைக்கும்.

சொற்கள் விடையை எப்படி இழுக்கும் என்பதற்கு அமெரிக்காவில் டொனால்ட் ரக் 1941இல் வெளியிட்ட சோதனை இன்றும் பாடப்புத்தகங்களில் உள்ளது. சனநாயகத்துக்கு எதிரான மேடைப்பேச்சை 'அனுமதிக்க வேண்டுமா' என்று ஒரு கூட்டத்தாரிடம் கேட்டார்கள். 62 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். 'தடை செய்ய வேண்டுமா' என்று மற்றொரு கூட்டத்தாரிடம் கேட்டபோது, 46 சதவீதத்தினரே ஆம் என்றார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றே. ஆனாலும் தடை என்ற சொல் பலருக்குத் தொண்டையில் சிக்கியது. நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய தொல்லை, உபசாரம். வீட்டுக்கு வந்தவர் மனம் கோணாமல் அவருக்குப் பிடித்த விடையைச் சொல்லும் பழக்கத்தைத் தென்கிழக்காசிய ஆய்வுகளில் கண்டு எமிலி ஜோன்ஸ் 1963லேயே ஒரு கட்டுரை எழுதினார். 'இந்தத் திட்டம் பயனுள்ளதா' என்று திட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டால், தேத்தண்ணியோடு 'மிகவும் பயனுள்ளது' என்ற விடையும் வரும்.

வினாக்கொத்துத்தான் ஒரே வழி என்ற இடங்களும் உண்டு. கற்பிட்டிக் கடலிலும் புத்தளம் களப்பை அண்டியும் வாழும் கடற்பசுவை, ஊர்வழக்கில் ஆவுளியாவை, விமானத்தில் பறந்து எண்ணுவது பெருஞ்செலவு. நீரில் மூழ்கிப் புல் மேயும் விலங்கு அது. மூச்சுவிட மட்டும் மேலே வரும். ஆகவே கடலில் நாளும் இருப்பவர்களின் கண்ணையும் நினைவையும் நம்ப வேண்டியிருக்கிறது. 2007இல் புலம்பெயர் விலங்குகள் சமவாயத்தின்கீழ் கடற்பசுக்களுக்கென ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை உருவானது. அதன்வழி, பல நாட்டு மீனவர்களிடம் ஒரே மாதிரிக் கேட்பதற்கான பொது வினாக்கொத்து ஒன்றும் தயாரானது. இலங்கை உட்பட எட்டு நாடுகளில் 2015இல் தொடங்கிய கடற்பசு, கடற்புல் பாதுகாப்புத் திட்டமும் மீனவர் அறிவை நாடியது. கடைசியாக எப்போது கண்டீர்கள், எங்கே, எத்தனை, குட்டி கூட இருந்ததா என்பன எல்லாம் நல்ல கேள்விகள். ஆவுளியாவைக் கண்டதை மீனவர் மறக்கமாட்டார். ஆனால் மறக்காத நிகழ்ச்சி எப்போதும் அண்மையில் நடந்தது போலத் தோன்றும். எட்டு வருசத்துக்கு முன் கண்டது மூன்று வருசமாகச் சுருங்கிவிடலாம்.

அதைவிடச் சிரமமான கேள்வி, வலையில் பட்டதா, பிடித்தீர்களா என்பது. ஆவுளியாவைக் கொல்வது சட்டப்படி குற்றம். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைப் பற்றிக் கேட்டாலும் இதே கதிதான். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி அந்நியர் கேட்டால் எவர் ஒப்புக்கொள்வார்?

இந்த முடிச்சை ஸ்டான்லி வோர்னர் என்பவர் 1965இல் ஓர் அழகான கணிதத் தந்திரத்தால் அவிழ்த்தார். அதன் எளிய வடிவம் ஒன்றுக்குக் காசு ஒன்று போதும். மீனவர் காசைச் சுண்டி, ஆய்வாளருக்குக் காட்டாமல் பார்க்கிறார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருவர் 'ஆம்' என்றால் அது காசு சொன்னதா அவர் சொன்னதா என்று ஆய்வாளருக்குத் தெரியாது, பொலிசுக்கும் தெரியாது. ஆனால் கூட்டத்தின் கணக்கு தெரியும். 200 பேரிடம் கேட்டு 130 'ஆம்' வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அந்த 100 'ஆம்' காசினுடையது. மீதி 30, உண்மை சொன்ன மற்ற 100 பேரிடமிருந்து வந்தது. ஆக, சுமார் 30 சதவீதத்தினர் தங்கூசி வலை போடுகிறார்கள். தனியாள் தப்பினார், ஊரின் நிலை வெளிவந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பாதி விடைகள் காசுக்குப் போய்விடுவதால் அதே நம்பகத்துக்கு இன்னும் நிறையப் பேரைக் கேட்க வேண்டும். விளையாட்டின் விதி விளங்காவிட்டால், அல்லது இதிலும் ஏதோ சூழ்ச்சி என்று பட்டால், எல்லாம் வீண்.

கடைசியாக இறால். சிலாபத்திலிருந்து வடக்கே ஒல்லாந்தர் வாய்க்காலை ஒட்டி 1980களில் பெருகிய இறால் பண்ணைகளை 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து அடித்தது. பிறகு குஞ்சுகளைப் பரிசோதித்து விடுங்கள், தொட்டியைக் காயவிடுங்கள், தண்ணீரைச் சுத்திகரியுங்கள் என்று பரிந்துரைகள் வந்தன. முனசிங்க, கிரெய்க் ஸ்டீபன் உள்ளிட்ட ஆய்வாளர் குழு 2008–2009இல் புத்தளம் மாவட்டப் பண்ணையாளர்களிடம் மதிப்பாய்வு நடத்தி, நோய்த்தடுப்பு நடைமுறைகளில் அடிப்படையான குறைகள் இருந்தன என்று 2010இல் எழுதியது. 'எல்லாம் ஒழுங்காகச் செய்கிறோம்' என்ற உபசார விடையை மீறி இந்த முடிவு வந்தது அந்த ஆய்வின் பெருமை. ஆனால் பண்ணை பண்ணையாகக் கேட்டால் பண்ணை பண்ணையாகத்தான் விடை வரும். நோயோ தண்ணீரில் போகிறது. ஒருவர் வாய்க்காலில் திறந்துவிடும் நீரை அடுத்தவர் தம் தொட்டிக்கு இறைக்கிறார். அப்போது மனிடோபா பல்கலைக்கழகத்தில் இருந்த எரங்க கலப்பத்தி, ஃபிக்ரெட் பர்க்கஸ் ஆகியோர் அம்பகந்தவிலை உட்பட மூன்று சமூகங்களில் கூட்டங்களில் உட்கார்ந்தும் நீண்ட உரையாடல்கள் நடத்தியும் வேறொன்றைக் கண்டார்கள். பண்ணையாளர் சங்கங்கள் அரச நிறுவனத்தோடு சேர்ந்து, எந்த வலயத்தில் எந்த மாதம் இறால் விடுவது என்று ஒரு பயிர் நாட்காட்டி போட்டு நோயைக் கட்டுப்படுத்த முயன்றன. தனிப் பண்ணையாளரைக் கேட்கும் எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கோடு இருக்காது. இரண்டு வகை ஆய்வும் வேண்டும். எது முதலில் என்றால், உட்கார்ந்து கேட்பதுதான் முதலில்.

உயர்கல்விக்காக வினாக்கொத்துத் தயாரிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் மேற்பார்வையாளர்களுக்கும் இரண்டு வேண்டுகோள். 200 பிரதி அச்சடிக்கும் முன் பத்துப் பிரதியோடு ஊருக்குப் போங்கள். விடையைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடாமல், 'இந்தக் கேள்வியை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள்' என்று அவர்களையே கேளுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே விழுந்துவிடும், விழட்டும். மற்றது, ஆய்வு முடிந்தபின் முடிவுகளை இரண்டு பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அதே மீனவர் சங்கத்திலும் கோயில் மண்டபத்திலும் போய் வாசித்துக் காட்டுங்கள். அங்கே எழும் 'அது அப்படியில்லை தம்பி' என்ற குரலையும் ஆய்வேட்டில் சேர்த்து எழுதுங்கள்.